சாட்டைக்கு எண்ணெய் போட்டவர்கள்



இந்த நினைவுப் பேருரைக்கான பொருளை ஆண்டுதோறும் மன்றத்தின் மூத்த தோழர்கள் கூடி முடிவு செய்வது வழக்கம். இந்த முறை மாணவத் தோழர்கள் முந்திக்கொண்டார்கள். அவர்கள் கூட்டத்துக்கு எடுத்து வந்தது ஒரு சாட்டை.

நம் நாடகக் குழுவின் தகரப் பெட்டியில் கிடந்த சாட்டைதான் அது. தஞ்சைப் பண்ணைகளைப் பற்றிய நம் வீதி நாடகத்தில் காரியக்காரர் கையில் வருமே, அதே சாட்டை. போன ஐப்பசி மழைக்கு முன்பு யாரோ அதை பாலித்தீன் பையில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். திறந்து பார்த்தபோது வார் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. தோல் விறைத்து, நுனியில் வெடிப்பு விட்டிருந்தது. ஒரு மாணவி கேட்டார்: "இதைக் குப்பையில் போடாமல் ஏன் வைத்திருக்கிறோம்? நம் பாட்டன் முதுகை உரித்ததற்கு நாமே எண்ணெய் தடவிப் பாதுகாக்க வேண்டுமா?" இன்னொரு மாணவர் சொன்னார்: "இது பெரியப்பா தன் கையால் செய்தது. எப்படிப் போடுவது?"

இந்த நினைவுரை யாருக்காக நடக்கிறதோ அந்த மனிதரை நாம் எல்லோரும் பெரியப்பா என்றே அழைத்துப் பழகிவிட்டோம். அந்தச் சாட்டையை வெட்டி, முறுக்கி, பின்னியவர் அவர். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் ஓரமாக உட்கார்ந்து அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தவரும் அவர்தான். அவர் போன பிறகு அந்த வேலையை யாரும் செய்யவில்லை. சாட்டை வெடித்துவிட்டது. அந்த இரண்டு மாணவர்களின் கேள்விக்கும் பதில் தேடுவதே இந்த உரை.

பூசுதல்

பெரியப்பா கொங்கு நாட்டுக்காரர். கவலைக்குத் தோல் தைத்துக் கொடுத்த மாதாரிக் குடும்பத்தில் பிறந்தவர். கவலை என்றால் இன்றைய மாணவர்களுக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். கிணற்றில் இருந்து மாடு கட்டி நீர் இறைக்கும் ஏற்பாடு அது. நீரை மொண்டு வரும் சாலும், வாய்க்காலில் நீரைக் கொட்டும் தும்பியும் தோலால் ஆனவை. நாள் முழுக்க நீரில் முங்கியும் வெயிலில் காய்ந்தும் பாடுபடும் தோல் சீக்கிரம் இற்றுப்போகும். அதைத் தைத்துக் கொடுப்பதும், கிழிந்தால் ஒட்டுப் போடுவதும், எண்ணெய் போட்டுப் பதமாக வைப்பதும் மாதாரியின் வேலை. மாட்டுக்கான சாட்டை வாரும் பண்ணையாரின் செருப்பும் அந்தக் கணக்கில் சேரும். கூலி என்று தனியாகக் காசு கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் அளந்து போடும் தானியம்தான்.

தோலுக்கு எண்ணெய் ஏன் வேண்டும்? உயிரோடு இருக்கும் தோலில் இயல்பாகவே கொழுப்பு உண்டு. மயிர் நீக்கச் சுண்ணாம்பில் ஊறவைத்து, சதையைச் சுரண்டி, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடும்போது அந்தக் கொழுப்பு போய்விடுகிறது. பிறகு தோலை அப்படியே உலரவிட்டால் உள்ளே இருக்கும் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துக்கொள்ளும். வளைத்தால் ஒடியும். எண்ணெய் அந்த நார்களுக்கு இடையில் புகுந்து ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்படி செய்கிறது. ஒவ்வொரு வீச்சிலும் வளைந்து நிமிரும் சாட்டைக்கு இது மற்ற தோல் பொருள்களைவிட அதிகம் தேவை. இன்று கடையில் லெதர் கண்டிஷனர் என்று புட்டியில் விற்பது எண்ணெய், கொழுப்பு, மெழுகு ஆகியவற்றின் கலவை. பெரியப்பாவுக்கு ஆமணக்கெண்ணெய் போதும்.

அவர் செய்யும் முறை இது. முதலில் பிழிந்த ஈரத்துணியால் வாரைத் துடைத்துத் தூசியை எடுப்பார். நிழலில் உலரவிடுவார். வெயில், அடுப்புச் சூடு இரண்டும் கூடாது. பிறகு பழந்துணியில் சில சொட்டு எண்ணெய் விட்டு, பிடியில் இருந்து நுனி வரை உருவிக்கொண்டே போவார். இரவு முழுக்க ஆணியில் தொங்கும். காலையில் உலர்ந்த துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்து, மேலே மிஞ்சிய எண்ணெயை எடுத்துவிடுவார். இளம் தோழர் ஒருவர் ஆர்வக்கோளாறில் ஒருமுறை குப்பியையே கவிழ்த்துவிட்டபோது அவர் சொன்னதை நாம் யாரும் மறக்கவில்லை: "தோலு எண்ணெயக் குடிக்கோணுந் தம்பி. எண்ணெயில முழுகக் கூடாது." எண்ணெய் கூடினால் வார் தொளதொளத்துப்போகும். பின்னல் தளரும், தையல் நூல் இற்றுவிடும், மண்ணெல்லாம் வந்து ஒட்டும்.

தோலின் மேல் வெள்ளையாக ஏதாவது படிந்தால் எல்லாவற்றையும் பூஞ்சை என்று எண்ணிவிடக் கூடாது என்றும் அவர் சொல்லிக் கொடுத்தார். விரலால் தேய்த்துச் சூடேற்றினால் உருகி மறைவது உள்ளிருந்து கசிந்த கொழுப்பு. பொசுபொசுவென்று இருந்து முசு வாடை அடிப்பது பூஞ்சை. பூஞ்சையை வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைக்க வேண்டும், துடைத்த துணியை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

இது வேதியியல் அறிவு. பல தலைமுறைகள் கையால் சோதித்துச் சேர்த்தது. 1903ஆம் ஆண்டு வாக்கில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் பதனிடும் முறையைச் சோதித்தபோது, அவர் மனத்தில் இருந்த பயன்களில் ஒன்று கவலைச் சாலுக்கு நீரில் கெடாத தோல் தருவது. ஆவாரம்பட்டைத் தோல் நீரில் எவ்வளவு நாள் தாங்கும், எங்கே முதலில் இற்றுப்போகும் என்பதெல்லாம் கவலைத் தோல் தைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த செய்தி. தொழில்நுட்ப வரலாற்றில் சாட்டர்டனுக்கு இடம் உண்டு. மின்தொடர் வண்டியில் போகும்போது பார்க்கும் குரோம்பேட்டை என்ற பெயரும் ஒரு குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான். தும்பி தைத்தவனுக்கு அந்த வரலாற்றில் இடம் இல்லை. அவன் அறிவு சாதித் தொழில் என்ற பெயரோடு நின்றுவிட்டது.

இந்தப் பெயரிடுதல் நேற்று தொடங்கியது அல்ல. புறநானூற்றின் 82ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஒரு போரின் வேகத்துக்கு உவமையாக, கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளியின் கை ஊசியின் வேகத்தைக் காட்டுகிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை, பொழுதும் சாய்கிறது. அத்தனை நெருக்கடியிலும் அவன் ஊசி பறக்கிறது. அரசனின் வெற்றியை அளக்கும் அளவுகோலாகப் புலவருக்கு அகப்பட்ட திறமை அவனுடையது. அவனைக் குறிக்கும் சொல்லோ 'இழிசினன்'. திறமையை எடுத்துக்கொண்டு ஆளை இழிந்தவன் என்று தள்ளும் கணக்கு அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

பத்திரப்படுத்துதல்

எண்ணெய் போட்ட சாட்டையை எப்படி வைப்பது? இறுக்கி மடிக்கக் கூடாது, மடித்த இடத்தில் வெடிக்கும். தளர்வாகச் சுருட்டலாம், தொங்கவிடலாம். காற்றுப் புகாத பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பருத்தித் துணிப் பை நல்லது. எலி எட்டாத இடமாக இருக்க வேண்டும். எண்ணெய்க் குப்பியை இறுக மூடி, வெயிலும் அடுப்பும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். பண்ணை வீடுகளில் சாட்டைக்கு என்று ஓர் இடம் இருந்தது. போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்கும். அடிக்காத நாளிலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஆனால் சாட்டையைப் பத்திரப்படுத்தியது அந்த ஆணி மட்டும்தானா? சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு சாட்டை கவனிக்காமல் விட்டால் ஓர் அடைமழைக்குள் கெட்டுப்போகிறது. பண்ணைகளில் அது தலைமுறை தலைமுறையாக நின்றது என்றால், அதை விடாமல் கவனித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள் என்றுதான் பொருள்.

சட்டம் அதில் முதன்மையானது. சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், சிறு குற்றங்களுக்குக் 'கீழ்ச்சாதியார்' என்று கருதப்பட்டவர்களைத் தொழுமரத்தில் மாட்டிவைக்கக் கிராமத் தலைவருக்கு அதிகாரம் கொடுத்தது. ஒரே குற்றம், உடலுக்கு மட்டும் சாதி பார்த்துத் தண்டனை. 1843இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது என்றார்கள். 1855இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை தந்தது. வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவைக்கவும் அரசாங்க ஆட்களே மக்களைக் கிட்டி போட்டு நெரித்ததும், குனியவைத்துக் கட்டியதும், சாட்டையால் அடித்ததும் அதில் பதிவாகியிருக்கின்றன. அந்த அறிக்கை வந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை, 1864இல் கசையடிச் சட்டமே வந்துவிட்டது. 1909இல் அதற்கு மறுவடிவம். விடுதலை பெற்ற இந்தியா அதை ஒழித்தது 1955இல்தான். அரசே சாட்டையைச் சட்டப்புத்தகத்தில் வைத்திருந்த காலத்தில், மிராசுதாரின் சாட்டையை யார் கேள்வி கேட்டிருப்பார்கள்?

மொழியும் சாட்டையைப் பத்திரப்படுத்தியது. சட்டமன்றத்தில் கட்சி உறுப்பினர்களைக் கட்டுப்படுத்துபவரைக் கொரடா என்கிறோம். கொரடா என்றால் சாட்டை. தெலுங்கிலும் மராத்தியிலும் புழங்கும் சொல். இன்று அது மரியாதைக்குரிய பதவியின் பெயர்.

இனித் தஞ்சைக்கு வருவோம். நம் நாடகத்தின் களம் அதுதான். கீழத்தஞ்சைப் பண்ணைகளில் வேலைக்குத் தாமதமாக வந்த பண்ணையாளுக்கும், எதிர்த்துப் பேசிய பண்ணையாளுக்கும் சவுக்கடி. அதோடு மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பால். எல்லா இடத்திலும் தோல் சாட்டைதான் என்று சொல்ல முடியாது. கயிற்றுச் சாட்டை உண்டு, புளியம்விளாறும் உண்டு. தோல் சாட்டை இருந்த இடத்தில் அதன் வரலாறு ஒரு வட்டமாகச் சுற்றி வருகிறது. பண்ணையாரின் மாடு செத்தால் இழுத்துப் போவது சேரியின் கடமை. தோலை உரிப்பதும், பதனிடுவதும், வார் அறுப்பதும் சேரியின் கை. முடிவில் அந்த வார் வந்து விழுவதும் சேரியின் முதுகில். சாணியும் அதே மாட்டின் சாணி. அந்த மாட்டின் பால் மட்டும் பண்ணை வீட்டுக்குள் போனது.

துடைத்தல்

எண்ணெய் வேலை முடிந்ததும் துடைக்கும் வேலை இருக்கிறது. தரையில் சிந்தியதன் மேல் சாம்பலோ மரத்தூளோ தூவி ஊறவிட்டு அள்ள வேண்டும். இல்லாவிட்டால் வழுக்கி விழுவோம். எண்ணெய்த் துணிகளை மூலையில் குவித்துவைக்கக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் போலக் காயும் தன்மை உள்ள எண்ணெய் பட்ட துணிகள் குவியலுக்குள் தானாகச் சூடேறித் தீப்பற்றிவிடும். அவற்றை வெளியில் விரித்து உலர்த்த வேண்டும், அல்லது தண்ணீர் விட்ட தகர டப்பாவில் மூடிவைத்துப் பிறகு அப்புறப்படுத்த வேண்டும். எதையும் மூடி மறைத்தால் உள்ளே சூடேறும்.

வரலாற்றில் இதற்கு நேர்மாறாகத்தான் துடைத்தார்கள். 1943இல் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து, தென்பரையில் தொடங்கி ஊர் ஊராக விவசாயிகள் சங்கம் கட்டினார். களப்பால் குப்பு போன்ற சேரியின் சொந்தத் தலைவர்கள் எழுந்தார்கள். அடிக்கு அஞ்சாமல் திருப்பி நிற்கும் துணிவு பிறந்தது. 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்த மிராசுதார்கள் ஒப்புக்கொண்டார்கள். மாணவர்கள் இதை ஆழ்ந்து கவனிக்க வேண்டும். 'இனி மனிதனைச் சாட்டையால் அடிக்க மாட்டோம்' என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பேச்சுவார்த்தை நடத்தி வாங்க வேண்டிய ஒரு கோரிக்கையாக இருந்தது. அந்த வெற்றி சங்கம் வென்றது, போராடிய பண்ணையாட்கள் வென்றது. ஆனால் அதற்கு முன் அடித்தவர்கள் யாருக்கு என்ன தண்டனை? கணக்கு அங்கேயே துடைக்கப்பட்டது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மூடிய துணிக்குள் சூடு ஏறிக்கொண்டே இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. அதுவும் ஒரு துடைப்புதான்.

தோல் இன்று கவலையில் இல்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கிணறுகளில் மோட்டார் ஏறி, கவலை இறங்கியது. தோல் தைத்த கைகளுக்கு வேலை போயிற்று. கூலிக்கும், ஆலைக்கும், நகரத் துப்புரவுக்கும் போனார்கள். பெரியப்பா ஆலைக்குப் போனார். தோல் வேலை பாலாற்றங்கரைத் தொழிற்சாலைகளில் பெருகியது. கழிவு ஆற்றில் இறங்கியது. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் கழிவு வழக்கில் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2015 சனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் சேறு புரண்டது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்தில் இருந்து வந்தவர்கள். பளபளக்கும் தோல் கப்பலேறிவிடுகிறது. கழுவி ஊற்றியது யார் மேல் விழுகிறது என்பதுதான் கேள்வி.

விடுவதா, வைத்துக்கொள்வதா

மாணவியின் கேள்விக்கு வருகிறோம். அதை வெறும் கோபம் என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய மரபே இருக்கிறது. 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டின் இறைச்சியை விட்டொழிக்கச் சொன்னார். இழிவின் அடையாளமாகச் சுமத்தப்பட்டதை இறக்கிவைப்பது விடுதலையின் முதல் படி என்றார். தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் வழிநடத்திய மக்கள் சாவுக்குப் பறையடிக்க மறுத்தார்கள், அதற்காக அடிவாங்கினார்கள். 2016 சூலை 11 அன்று குசராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக இளைஞர்களை வண்டியில் கட்டிவைத்து ஊர் பார்க்க அடித்தார்கள். தோல் உரித்தவனின் தோலை உரிக்கும் அதே பழைய வட்டம். அதற்கு மக்கள் கொடுத்த பதில் என்ன? செத்த மாடுகளைச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்கள் தாயை நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்று பொருள்.

மாணவரின் பக்கமும் மரபு உண்டு. சாவுக்கு அடிக்க மறுத்த அதே பறையை 1990களில் தலித் கலை விழாக்கள் மேடைக்குக் கொண்டு வந்தன. கட்டாயத்தை மறுத்தவர்கள் கலையை எடுத்துக்கொண்டார்கள். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. யார் செய்ய வேண்டும் என்று பிறப்பால் விதிப்பதை ஒழிக்க வேண்டும். செய்தவர்களின் அறிவை அவர்கள் பெயரோடு எழுதிவைக்க வேண்டும். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்தால் அது அருங்காட்சியகம் ஆகிவிடும்.

இங்கே நாம் நம்மைப் பற்றியும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் இந்த உரைக்கு மதிப்பில்லை. நம் குழுவில் பல சாதிகளில் பிறந்தவர்கள் இருந்தோம். பள்ளர் உண்டு, பறையர் உண்டு, அருந்ததியர் உண்டு, மற்றவர்களும் உண்டு. சாதி ஒழிப்பு நாடகம் போட்டோம். நாடகம் முடிந்ததும் யாராவது ஒருவர் எண்ணெய்க் குப்பியை எடுத்து நேராகப் பெரியப்பா கையில் கொடுப்போம். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட, "இன்றைக்கு நான் போடுகிறேன், நீங்கள் டீ குடியுங்கள்" என்று நம்மில் ஒருவரும் சொன்னதில்லை. அவர் நன்றாகச் செய்வார் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். பண்ணையாரும் அதைத்தான் சொன்னார். பெரியப்பா நம்மிடம் ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொண்டதில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். சாட்டை வெடித்தது பூஞ்சையால் மட்டும் அல்ல. ஓர் ஆளின் பிறப்பைப் பார்த்து வேலையை அவர் தலையில் விட்டுவிட்ட நம் பழக்கத்தாலும்தான்.

ஆகவே மன்றம் எடுத்திருக்கும் முடிவுகளை இங்கே அறிவிக்கிறோம். சாட்டையைத் தூக்கி எறியப்போவதில்லை. பூஞ்சையைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, எண்ணெய் போட்டாகிவிட்டது. வெடிப்பை மறைக்கவில்லை, அது அப்படியே இருக்கும். இனி அது ஆணியில் தொங்காது. துணிப் பைக்குள் பெட்டியில் இருக்கும், நாடகத்துக்கு மட்டும் வெளியே வரும். எண்ணெய் போடுவதும், துடைப்பதும், சிந்தியதை அள்ளுவதும் நடிகர்கள், எழுத்தாளர்கள், பொறுப்பாளர்கள் அனைவருக்கும் முறைவைத்து வரும். அந்த முறைப் பட்டியலில் முதல் பெயர் மன்றச் செயலாளருடையது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். கவலைத் தோல் தைத்தவர்களில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். வாருக்கும் தும்பிக்கும் ஊசிக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர்களை எழுதுங்கள். களத்தில் எத்தனை வள்ளம் அளந்தார்கள், எதற்கெல்லாம் அடித்தார்கள் என்பதையும் அதே நோட்டில், அதே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டையும் தனித்தனி நோட்டில் எழுதிவிடாதீர்கள்.

பெட்டி மூடியின் உட்பக்கத்தில் பெரியப்பா சொன்ன முறையை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நேரம், எந்தத் துணி என்று எல்லாம் அதில் உண்டு. கீழே அவர் பெயரை முழுமையாக எழுதியிருக்கிறோம். உறவுமுறையால் அல்ல, பெயரால். மன்றத்தின் ஏடுகளில் அவர் பெயர் முழுமையாக எழுதப்பட்டது அதுவே முதல் தடவை.